டீச்சர் வெளியே போனபின் வகுப்பில் என்ன நடக்கிறது

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் "நல்ல கண்ட்ரோல் உள்ளவங்க" என்பார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து போகும்போது எந்த வகுப்பில் சத்தம் இல்லையோ அது நல்ல வகுப்பு, அவ்வளவுதான் கணக்கு. என் வேலைக் காலம் முழுக்க கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலேயே போயிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன், ஆள் இல்லாத நாட்களில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்தும் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் என்று நாம் சொல்வது ஒரே விஷயம் இல்லை. பயந்து கேட்பது வேறு, டீச்சர் மேல் இருக்கிற ஆசையில் கேட்பது வேறு, பழகிப்போய்க் கேட்பது வேறு, வேலை பிடித்துப்போய் நாம் அங்கே நிற்பதையே மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது வேறு. இதில் எது நமக்குக் கிடைக்கும் என்பதில் பிள்ளைகளின் குணத்தைவிட நாம் பாடம் நடத்துகிற விதத்துக்குத்தான் பங்கு அதிகம். புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் "பசங்க அடங்கவே மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்று வந்து நிற்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த லீடர் விவகாரம். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போகிறார், லீடர் எழுந்து கரும்பலகையின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுக்கிறான். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறமும் பேசினால் இன்னொன்று, கடைசியில் "அடங்கவில்லை". எழுதின பெயரை அழிக்க ஒரு கடலை மிட்டாய். முந்தின நாள் கபடியில் காலை வாரியவன் பெயர் அவன் வாயே திறக்காவிட்டாலும் ஏறிவிடும். ஒன்பது வயதுப் பையனுக்கு அதிகாரம் என்றால் என்ன என்று நாம் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் கற்றுக்கொடுக்கிற இடம் இது. மற்ற பிள்ளைகள் கற்றுக்கொள்வது இன்னொன்று: லீடரின் முதுகு எப்போது திரும்பும் என்று பார்த்திருப்பது.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் தாளில் கர்ட் லெவின் பெயரை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அவரும் லிப்பிட், ஒயிட் என்ற இருவரும் சேர்ந்து 1939-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 10 வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது மாதிரி வேலைகளைக் கொடுத்து, கூட இருக்கிற பெரியவர் அதிகாரமாக நடந்தால் என்ன ஆகிறது, கலந்து பேசி நடத்தினால் என்ன ஆகிறது, கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மூன்று வகைத் தலைமை என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு நாம் மறந்துபோனோம். அதில் எனக்கு வேலைக்கு வந்த பிறகு உறைத்த இடம் வேறு. அந்தப் பெரியவர் அறையை விட்டு வெளியே போனபோது என்ன நடந்தது என்பதையும் அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அதிகாரம் நடந்த குழுவில் அவர் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் இருந்தாலும் போனாலும் வேலை ஏறக்குறைய அதே மாதிரி ஓடியது. அதிகாரத்துக்குக் கீழே இருந்த பையன்கள் ஒன்று சோர்ந்து அடங்கிக் கிடந்தார்கள், இல்லையென்றால் தங்களுக்குள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். கருப்புத் துணியில் சுற்றி வைத்த பிரம்போடு நடக்கிற எந்த வகுப்பிலும் இடைவேளையில் போய் நின்று பாருங்கள், இரண்டாவது விஷயம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

அதனால் நான் புதியவர்களிடம் சொல்கிற முதல் காரியம், வேலை கொடுத்துவிட்டு வெளியே போங்கள். ரொம்ப தூரம் வேண்டாம், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடி வரைக்கும் போதும். காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வரத்தான் செய்யும், பிள்ளைகள்தானே. என்ன சத்தம் என்பதுதான் கேள்வி. "டேய் என் ரப்பரைக் குடுடா" என்று வருகிறதா, "ஏய் அது ஏழு இல்ல, கடன் வாங்கினியே, ஆறு" என்று வருகிறதா? இரண்டும் ஒரே உயரத்துச் சத்தம்தான். வராந்தாவில் போகிற தலைமையாசிரியருக்கு வித்தியாசம் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும்.

லீடர் பட்டியலுக்குப் பதில் என்ன செய்வது என்று கேட்பார்கள். சரிபார்க்கிற வேலையையும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நான் கணக்குப் போடச் சொல்லிவிட்டு விடைகளை ஒரு பழைய நோட்டில் எழுதி மேஜை மேல் வைத்துவிடுவேன். முடித்தவர்கள் தானே வந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். முதல் வாரம் பாதிப்பேர் நேராக நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று வந்து நிற்பார்கள். கத்தாதீர்கள். அடுத்த நாள் அதே மாதிரி வேறு நான்கு கணக்கு, விடை நோட்டு கிடையாது. பார்த்து எழுதினவனுக்கு அவனாகவே தெரிந்துவிடும், யாரும் பெருக்கல் குறி போட வேண்டியதில்லை. இது படிய ஒரு மாதமாவது ஆகும். அந்த ஒரு மாதம் வகுப்பு சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும், பக்கத்து வகுப்புக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது கோரஸ். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்ர்ர்" என்று இழுத்துச் சொல்வார்கள். நாம் அந்தக் கேள்வியை முடிக்கிற விதத்திலேயே பதில் இருக்கிறது, அந்த ராகத்துக்கு வேறு பதில் பொருந்தாது. சாந்தமாகப் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பிலும் இது உண்டு. பிரம்பு இல்லை, திட்டு இல்லை, ஆனால் ஒரு மணி நேரம் டீச்சர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், கடைசியில் கோரஸ். இதைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் வேண்டுமென்றே "தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன" என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். பகலிலும் சுவாசிக்கும் என்று முந்தின நாள்தான் நடத்தி, கோரஸும் வாங்கியிருந்தேன். மொத்த வகுப்பும் குனிந்து எழுத ஆரம்பித்தது. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுதாமல் பக்கத்தில் இருந்தவளிடம் என்னமோ கிசுகிசுத்தாள், அவள் "சும்மா எழுதுடி, டீச்சரே எழுதியிருக்காங்க" என்றாள். அந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். டீச்சரே எழுதியிருக்காங்க. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில் தானாக வந்தது.

அதற்கு அப்புறம் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் போர்டில் ஒரு தப்பு இருக்கும், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒற்றெழுத்து விட்டுப்போனதை எல்லாம் பிடித்தார்கள், நான் வைக்காத தப்பும் சிலது கிடைத்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், இதே பிள்ளைகள் சமூக அறிவியல் பாடத்தில் எழுந்து "சார், தப்பு" என்று சொல்ல, அவர் என்னிடம் வந்து "உங்க பிள்ளைங்க வாய் ரொம்ப நீளுது டீச்சர்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கேட்கிற துணிச்சலைக் கொடுக்கும்போதே கேட்கிற முறையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். "எனக்கு இப்படித் தோணுது சார், சரியா?" என்று கேட்கப் பழக்கினேன். அதே கேள்விதான், இப்போது அவருக்கும் பதில் சொல்ல இடம் இருந்தது.

எங்கள் தமிழய்யா ஒருவர் இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் நன்னூலை எடுப்பார். 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் சொல்லிவிட்டார், மாணவன் "இருஎன இருந்து, சொல்எனச் சொல்லி", "சித்திரப் பாவையின் அத்தக அடங்கி" இருக்க வேண்டும், ஓவியத்தில் இருக்கிற பொம்மை மாதிரி! பார்த்தீர்களா, அடக்கம்தான் அடிப்படை என்பார். நான் மறுக்க மாட்டேன், கூடவே அதே நூலின் முன்னுரையான பொதுப்பாயிரத்தில் ஆசிரியருக்குச் சொன்னதையும் படிக்கச் சொல்வேன். "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து" கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அவசரப்படாமல், கோபப்படாமல், முகம் மலர்ந்து, வாங்குகிறவன் எப்படி வாங்குவான் என்று தெரிந்து. பொம்மை மாதிரி அடங்கி உட்கார்கிற மாணவன் இப்படிப்பட்ட ஆசிரியருக்கு முன்னால் உட்கார்கிறான், கையில் பிரம்போடு நிற்கிறவருக்கு முன்னால் இல்லை. வழிபாட்டுக்கு அந்த நூல் சொல்கிற இலக்கணம் இன்னும் நுட்பம்: குளிர்காய்கிறவன் நெருப்பை விட்டு விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இருப்பது மாதிரி ஆசானிடம் இருக்க வேண்டும், அவர் மகிழும்படி நடக்க வேண்டும், ஆனால் "அறத்தின் திரியா", அறத்திலிருந்து விலகாமல், என்று ஒரு வார்த்தையையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதாவது கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போவது கிடையாது. தமிழய்யா இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் மணி அடித்துவிடும்.

நன்னூலில் எனக்கு ரொம்பப் பிடித்தது, படிப்பு எப்படி ஏறுகிறது என்று பங்கு போட்டுக் கணக்குச் சொல்கிற இடம். ஆசிரியர் சொன்னதை முழுதாகக் கேட்டாலும் கால் பங்குதான் ஏறும், கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை. அப்படியானால் கை கட்டி வாய் பொத்தி உட்கார வைத்திருக்கிற வகுப்பில் நாம் முக்கால் பங்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கால் பங்கை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது அந்தப் பூட்டுத்தான் முதலில் உடைந்தது. ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கு உருவாக்கிய முறையைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். பெஞ்ச் போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், பாடம் முழுக்க அட்டைகள், யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதற்கு ஏணிப்படி. இரண்டாம் வகுப்புப் பையன் வந்ததும் தன் வருகையைத் தானே குறித்துவிட்டு, நேற்று விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, எந்தக் குழுவோ அந்தப் பாயில் போய் உட்கார்ந்துவிடுவான். யாரும் "உட்கார்" என்று சொல்லவில்லை. அதைப் பார்த்தபோது, நாள் முழுக்க நாம் போடுகிற உத்தரவுகளில் பாதிக்கு வேலையே இல்லை என்று தெரிந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு கீழ்ப்படிதல் நுழைந்தது, ஆளுக்குப் பதில் அட்டைக்கு. சில பிள்ளைகள் அட்டையை முடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு ஏணியில் கடகடவென்று ஏறினார்கள், பத்து அட்டைக்கு முந்தினதைக் கேட்டால் முழித்தார்கள். ஆசிரியர்கள் கதை அதைவிட வேடிக்கை. பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுங்கள் என்பது எங்களுக்கு உத்தரவாக வந்தது! பயிற்சியில் காட்டியபடியே செய்ய வேண்டும், அட்டை வரிசையை மாற்றக் கூடாது. பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்று பக்கத்துப் பள்ளியிலிருந்து போன் வந்தால் பாய் விரியும், அட்டைத் தட்டு இறங்கும், ஜீப் கிளம்பினதும் பிள்ளைகள் மறுபடி வரிசையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். பல பள்ளிகளில் இது நடந்தது. லீடர் பட்டியலுக்குப் பயந்த பிள்ளைகள் செய்வதும் இதுதானே? விளக்கம் கேட்க இடம் கொடுத்து, குழுவாகச் செய்து பார்க்க வைத்துப் பயிற்சி கொடுத்த வட்டார வள மையங்களில் படித்த ஆசிரியர்கள் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தொடர்ந்தார்கள். அவர்கள்தான் அட்டையில் இல்லாததைச் சேர்த்துக்கொள்ளவும் துணிந்தார்கள்.

அடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தித் தடை செய்துவிட்டார்கள். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பெற்றோர் இன்னமும் வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். சிரித்து அனுப்பிவிடலாம். பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நாக்கை எடுத்துக்கொண்டவர்கள்தான் எனக்குக் கவலை. "நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது அடி இல்லையாம். ஆடு மேய்க்கிற அப்பாவின் பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான். அவன் அதற்கு அப்புறம் சத்தம் போட மாட்டான்தான், பாடத்தையும் கேட்க மாட்டான்.

பாசத்துக்குக் கட்டுப்படுகிற வகுப்பு பார்க்க நன்றாக இருக்கும். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் மேல் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிரியம், அவர் முகம் வாடினால் மொத்த வகுப்பும் வீட்டுப்பாடம் எழுதிவிடும். மாறுதல் கலந்தாய்வில் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் கிடைத்தது. ஜூனில் வந்த புது டீச்சருக்கு அந்தப் பிள்ளைகள் காட்டிய பாரா முகம் இருக்கிறதே, பாவம், அவர் என்ன தப்பு செய்தார். எழுதினது எல்லாம் அந்த டீச்சருக்காக எழுதினது, அவர் போனதும் எழுதுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நம்மைப் பிடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் "எனக்காகச் செய்டா தங்கம்" என்பதைப் பேச்சுவாக்கில் கூடக் குறைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு எதற்கும் காரணம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி செய்ய வைக்கிற நேரடியான பாணிக்கு இடம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் மணலில் விரல் வைத்து "அ" எழுதப் பழகும்போது எங்கே தொடங்கி எங்கே சுழிக்க வேண்டும் என்பதில் கலந்துரையாடல் கிடையாது, பார்த்துச் செய், மறுபடி செய். எட்டாம் வகுப்பில் நான் அமிலம் எடுத்தால் கட்டளைதான். தள்ளி நில், தொடாதே. தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. சோதனை முடிந்ததும் அதே பாடவேளையில் ஏன் என்றும் சொல்லிவிடுவேன், அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் விழுந்தால் வருகிற சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும் என்று. நாள் முழுக்கக் கட்டளை போடுகிறவர் குரலுக்கு அந்த நேரத்தில் மதிப்பு இருக்காது, எப்போதாவது போடுகிறவர் சொன்னால் மொத்த வகுப்பும் சட்டென்று நிற்கும்.

தீ ஒத்திகையிலும் இதே கதைதான். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு எந்தப் பள்ளியிலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓடாதே, தள்ளாதே, வரிசையாக வா என்று பழக்குகிறோம். கூடவே நான் ஒன்று சொல்வேன்: நான் சொன்ன வழியாகவே இருந்தாலும் அங்கே புகை இருந்தால் அந்த வழியில் போகாதே, எனக்கும் கத்திச் சொல். தென்கொரியாவில் 2014-இல் செவோல் கப்பல் கவிழ்ந்தபோது இருந்த இடத்திலேயே இருங்கள் என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். இறந்த 304 பேரில் 250 பேர் சுற்றுலா போன ஒரே பள்ளியின் மாணவர்கள். கட்டளைக்குப் பழக்கும்போதே கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் பழக்காமல் விட எனக்குத் தைரியம் வராது.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு ரகம். எந்தப் பாணியில் நடத்தினாலும் சொன்னதைச் செய்துவிடுகிற பிள்ளைகள், அநேகமாகப் பெண் பிள்ளைகள். நோட்டு அழகாக இருக்கும், தலை எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருக்கும், கேட்டால் தலையசைப்பார்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால் "வீட்லயும் அப்படித்தான் டீச்சர், இருக்கிற இடமே தெரியாது" என்று பெருமையாகச் சொல்வார். ஓயாமல் சத்தம் போடுகிற பையன் புரியவில்லை என்பதை நாற்காலியைத் தள்ளியாவது நமக்குத் தெரிவித்துவிடுவான், இவர்கள் தெரிவிக்க மாட்டார்கள். நோட்டுத் திருத்தும்போது இவர்கள் நோட்டை முதலில் எடுங்கள். அப்படி எடுத்ததில், தசம எண்களைக் கூட்டும்போது புள்ளிக்கு நேர் புள்ளி வைக்காமல் ஒரு பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தப்பாகவே போட்டிருந்த ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். கூப்பிட்டு விளக்கினேன், தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை நம்பாமல், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடு என்று பாயில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்துப் பாயில் வேறு வேலை பார்த்தேன். இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் குரல் உயர்ந்தது: "புரியலைன்னா புரியலைன்னு வாயைத் திறந்து சொல்லு, சும்மா தலையை ஆட்டாத!"

அவன் அதற்கும் தலையை ஆட்டினான்.